கரையிலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றரில் ஜெட் ஸ்கி நின்றால்: முதலில் எது, பிறகு எது?

வெள்ளவத்தைக்_காற்று:

கல்கிசையில் இறக்கி வெள்ளவத்தைப் பக்கம் ஓடுகிறவர்களுக்காக இந்த இழை. ஒன்று, ஒன்றரைக் கிலோமீற்றர் வெளியே இஞ்சின் நின்றால் எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும்? யூடியூபில் கிடைக்கிற வீடியோ எல்லாம் அசையாத ஏரியில், பக்கத்தில் இன்னொரு படகை வைத்துக்கொண்டு எடுத்தவை. இங்கே அலை இருக்கிறது, காற்று இருக்கிறது, கரையில் மணலைவிடக் கல்தான் அதிகம்.

இரண்டு மெஷினுக்குத் தனித்தனியாகப் பதில் வேண்டும்: யமஹா வீஎக்ஸ், சீ-டூ ஜீடிஐ. கட்டி இழுக்கும்போது ஒரு ஹோஸை நெரித்துப் பிடிக்க வேண்டும் என்கிறார்கள். எந்த ஹோஸ், எதற்காக? சீ-டூவுக்கு அது தேவையில்லை என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. சீற்றுக்கு அடியில் என்னென்ன சாமான் கிடக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

பிஸ்டன்_நானா:

இஞ்சின் நின்றதும் கை தானாக ஸ்டார்ட் பட்டனுக்குப் போகும். போக விடாதீங்க. எப்படி நின்றது என்று முதலில் யோசிங்க.

லைட்டை அணைச்ச மாதிரி சட்டென்று நின்றால் கரண்ட் பக்கம்: லேன்யார்ட் (ஓட்டுகிறவர் கையில் மாட்டுகிற அவசர நிறுத்தக் கயிறு), ஃபியூஸ், பற்றரி டெர்மினல். இருமி இருமி நின்றால் பெற்றோல், இல்லாட்டி உள்ளே தண்ணி. அலாரம் அடித்து, தானாக வேகம் குறைஞ்சு, பிறகு நின்றால் சூடு அல்லது ஒயில் பிரஷர். இஞ்சின் ஓடுது ஆனால் ஸ்கி போகல்ல என்றால் அது இஞ்சின் பிரச்சினையே இல்லை, தண்ணியை உறிஞ்சிப் பின்னால் தள்ளுகிற ஜெட் பம்பில் என்னவோ மாட்டியிருக்கு.

லேன்யார்ட்டில் இருந்து தொடங்குங்க. யமஹாவில் கிளிப் சுவிட்சுக்கு அடியில் முழுசாக உட்கார்ந்திருக்கணும், அரைவாசி நழுவினாலும் நிற்கும். பழைய சீ-டூவில் தொப்பி மாதிரிக் கீயை அமத்தினால் இரண்டு குட்டி பீப் வரணும். நீளமாக ஒரே பீப் வந்தால் கீயை மெஷின் சரியாக வாசிக்கல்ல என்று அர்த்தம். கழற்றி, உள்ளே காய்ஞ்சிருக்கிற உப்பைத் துணியால் துடைச்சுத் திரும்பப் போடுங்க.

இப்ப பட்டன். சத்தத்தைக் கேளுங்க. வேகமாக டக்டக்டக் என்றால் பற்றரி இறங்கியிருக்கு, இல்லாட்டி டெர்மினல் தளர்வு. டெர்மினலைக் கையால் திருகிப் பாருங்க, ஆடவே கூடாது. மீற்றர் காட்டும் வோல்ட் 12.6 இருந்தால் பற்றரி நல்லம், 12.0 என்றால் கிட்டத்தட்டக் காலி. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.5க்குக் கீழே விழுந்தால் அந்தப் பற்றரியை நம்ப வேணாம்.

ஒரே ஒரு டக், பிறகு அமைதி என்றால் ரிலே, ஸ்டார்ட்டர், அல்லது சிலிண்டருக்குள் தண்ணி. ஸ்கி கவிழ்ந்த பிறகோ கட்டி இழுத்த பிறகோ இந்தச் சத்தம் கேட்டால் இரண்டாவது தரம் அமத்தவே வேணாம். காற்று அமுங்கும், தண்ணி அமுங்காது. பிஸ்டன் மேலே வந்து முட்டி, கனெக்டிங் ரொட் வளையும். ஐந்து நிமிஷ வேலை முழு இஞ்சின் வேலையாக மாறுவது இந்த இடத்தில்தான்.

நல்லாச் சுற்றுது, பற்றல்ல என்றால் கீயைப் போட்டதும் பெற்றோல் பம்ப் இரண்டு மூன்று செக்கன் முனகும், அதைக் கேளுங்க. முனகல் இல்லை என்றால் ஃபியூஸ் பெட்டி. முனகல் வந்தால் பெற்றோல் கேஜ். கேஜும் சரி என்றால் ஸ்பார்க் பிளக் நனைஞ்சிருக்கும். சீ-டூவில் திரொட்டிலை முழுசாக இழுத்துப் பிடிச்சுக்கொண்டு ஸ்டார்ட் பண்ணினால் பெற்றோலும் பொறியும் வெட்டுப்படும், காற்று மட்டும் போய் உள்ளே காயும். பிறகு திரொட்டிலை விட்டுச் சாதாரணமாக ஸ்டார்ட் பண்ணுங்க.

யமஹா கைநூல்படி ஒரு தரம் 5 செக்கனுக்கு மேல் சுற்றக் கூடாது, இடையில் 15 செக்கன் ஓய்வு. மூன்று தரம் பாருங்க. பற்றாவிட்டால் நிறுத்துங்க, மிச்சப் பற்றரி, உள்ளே தேங்குகிற தண்ணியை இறைக்கும் பில்ஜ் பம்புக்கு வேணும்.

சீற்றைத் திறந்ததும் பெற்றோல் மணந்தால் எந்தப் பட்டனையும் தொட வேணாம். திறந்தே வைச்சுக் காற்றுப் போக விடுங்க. மணம் போகல்ல என்றால் அந்த ஸ்கியை அன்றைக்கு ஸ்டார்ட் பண்ணுவதில்லை.

கச்சான்:

நானா சொன்னது இஞ்சினுக்கு. அதுக்கு முதல் இரண்டு நிமிசம் கடலைப் பாருங்கோ.

ஸ்கி எந்தப் பக்கம் அள்ளுப்படுது? நவம்பர் தொடக்கம் ஏப்ரல் மட்டும் எங்கட பக்கக் கடல் தட்டையாய்க் கிடக்கும். அந்தக் காலத்தில காலமைக் காற்று தரையில இருந்து கடலுக்கு வீசும், நிண்ட ஸ்கி வெளியால போகும். அலை இல்லாததால ஒருத்தருக்கும் அவசரம் விளங்காது. மத்தியானத்துக்குப் பிறகு கடற்காற்று, அப்ப கரைக்குத் தள்ளும். கரை எண்டால் கல்கிசை மணல் எண்டு நினைக்க வேண்டாம். தெஹிவளைக்கு வடக்கால கூடுதலான இடத்தில ரயில் பாதையைக் காக்கப் போட்ட பாறாங்கல்தான். மே தொடக்கம் செப்டெம்பர் மட்டும் சோழகம் (தென்மேற்குப் பருவக்காற்று) நிக்கிற காலத்தில இந்தக் கேள்வியே வரக்கூடாது, ஸ்கியைக் கடலில இறக்கவே தேவையில்லை.

போனில வரைபடத்தைத் திறந்து நிக்கிற இடத்தைக் குறியுங்கோ. ஐந்து நிமிசம் கழிச்சு இன்னொரு குறி. இரண்டுக்கும் இடையில 100 மீற்றர் எண்டால் மணிக்கு 1.2 கிலோமீற்றர் போறீங்கள். கல்லுக்கு 600 மீற்றர் இருக்கெண்டால் உங்களிட்ட அரை மணித்தியாலம் இருக்கு. பிளக்கைக் கழட்டிக்கொண்டு இருக்கலாமோ, இல்லை உடனே ஆளைக் கூப்பிட வேணுமோ எண்டதை இந்தக் கணக்கு சொல்லும்.

நங்கூரத்தைப் பற்றிக் கனபேர் பிழையாய் விளங்கியிருக்கினம். ஆழத்தைப் போல ஐந்து மடங்கு கயிறு போனால்தான் நங்கூரம் படுத்துப் பிடிக்கும். 1.5 கிலோ மடக்கு நங்கூரமும் 30 மீற்றர் கயிறும் எண்டால் அது 6 மீற்றர் ஆழத்துக்கான சாமான். வெளியால கிடக்கேக்க அதால பிரயோசனம் இல்லை. அங்க தேவை துணிக்கூம்பு மாதிரி மிதவை நங்கூரம். முன்வளையத்தில கட்டி விட்டால் மூக்கு அலைக்கு நேராய் நிக்கும், அள்ளுப்படுறதும் குறையும். கரைக்குத் தள்ளுப்பட்டு ஆழம் குறையக் குறையத்தான் மற்ற நங்கூரத்துக்கு வேலை வரும். அலை உடையிற கோட்டுக்கு வெளியால அதைப் போட்டுவிட வேணும், கோட்டுக்குள்ள வந்த பிறகு நேரம் கிடையாது.

ஸ்கியை விட்டிட்டு நீந்த வேண்டாம். தண்ணிக்குள்ள தலை தெரியாது, ஸ்கி தெரியும். ஒரே ஒரு விதிவிலக்கு: கல்லில அடிபடப் போகுது எண்டால் ஸ்கிக்கும் கல்லுக்கும் நடுவில நிக்க வேண்டாம். 350 கிலோவை எந்தக் காலாலையும் தள்ளி நிறுத்தேலாது. கடல் பக்கமாய்க் குதிச்சு விலகுங்கோ.

வெள்ளவத்தைக்_காற்று:

அண்ணை, யாரைக் கூப்பிடுவது? இடத்தை எப்படிச் சொல்வது?

கச்சான்:

ஆளுக்கு ஆபத்து எண்டால் 119. காயம் எண்டால் 1990 சுவசெரிய, ஆனால் அம்புலன்ஸ் கரைக்குத்தான் வரும். கல்கிசைக் கடற்கரையில பொலிஸ் உயிர்காப்புப் பிரிவு இருக்கு. இறக்க முதல் அவையளிட்டப் போற பக்கத்தைச் சொல்லி, நேரடி நம்பர் வாங்கி வையுங்கோ. கடல் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையம் கடற்படையின்ர பொறுப்பில இருக்கு, விஎச்எஃப் கடல் வானொலியில 16ஆம் சனலில கூப்பிடலாம். கைவானொலிக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின்ர அனுமதி எடுக்க வேணும்.

வானொலி தூரம் உயரத்தைப் பொறுத்தது. ஸ்கியில நீங்கள் தூக்கிப் பிடிக்கிற அன்ரெனா 1 மீற்றர், மற்றப் பக்கம் 50 மீற்றர்க் கோபுரம் எண்டால் கணக்குப்படி 33 கிலோமீற்றர் மட்டும் போகும். இரண்டு பக்கமும் ஸ்கி எண்டால் 8, நடைமுறையில அதிலும் குறைவு. எழும்பி நிண்டு கதையுங்கோ.

இஞ்சின் மட்டும் நிண்டால் "பான் பான்" மூன்று தரம். கல்லுக்குக் கிட்டவோ, தண்ணி ஏறுதோ, துறைமுக வாய்க்கால் பக்கம் போறீங்களோ எண்டால் "மேடே" மூன்று தரம். பிறகு யார், எங்க, என்ன நடந்தது, எத்தனை பேர், எந்தப் பக்கம் அள்ளுப்படுது. துறைமுக வாய்க்காலில வாற கப்பல் உங்களைக் கண்டாலும் நிக்கேலாது, அதால அந்தப் பக்கம் அள்ளுப்பட்டால் கிட்டப் போகும் மட்டும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

இடம் சொல்லேக்க ஒரு குழப்பம் அடிக்கடி வரும். வெள்ளவத்தைக்கு வெளியால நிண்டால் ஏறத்தாழ 6 பாகை 52.5 கலை (ஒரு பாகைக்கு 60 கலை) வடக்கு, 79 பாகை 50.7 கலை கிழக்கு. இதையே போன் 6.875, 79.845 எண்டு காட்டும். 52 கலையை "6 தசம் 52" எண்டு சொன்னால் 39 கிலோமீற்றர் தெற்கால, களுத்துறைக்கும் பேருவளைக்கும் நடுவில தேடுவினம். பாகை-கலையோ தசமமோ எண்டு சொல்லிப்போட்டு இலக்கத்தை வாசியுங்கோ. வட்ஸ்அப்பில நேரலை இடத்தையும் கரையில நிக்கிற ஒராளுக்கு அனுப்பி வையுங்கோ.

பொல்கொட_ஓட்டம்:

"இஞ்சின் ஓடுது, ஸ்கி போகல்ல" என்பதை நானா ஒரு வரியில் கடந்துவிட்டார். கொழும்புக் கடலில் அடிக்கடி வரக்கூடியது அதுதான். மழை பெய்து ஓய்ந்த பிறகு வெள்ளவத்தைக் கால்வாய், தெஹிவளைக் கால்வாய் வாய்களிலும் களனி கங்கை முகத்திலும் பொலித்தீனும் ஆகாயத்தாமரையும் கடலுக்கு வந்து மிதக்கும். அந்த நாட்களில் அந்த இடங்களைச் சுற்றிப் போங்கள்.

அறிகுறி: ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது, பின்பக்கம் அதிரும். திரொட்டிலைக் கொடுத்துப் பார்ப்பதை அங்கேயே நிறுத்த வேண்டும். இஞ்சினையோ எக்ஸோஸ்ட்டையோ குளிர்விக்கும் தண்ணீரும் அதே ஜெட் பம்பிலிருந்துதான் போகிறது. அடியில் தண்ணீர் நுழையும் கம்பித் தடுப்பான கிரேட்டைப் பை மூடினால் தள்ளுவிசையும் போகும், குளிர்விப்பும் போகும். "தள்ளவில்லை" என்ற பிரச்சினை சில நிமிடத்தில் "சூடாகி நின்றது" என்று மாறும். யமஹாவில் பக்கவாட்டுத் துளையில் பீச்சும் தண்ணீர் மெலிந்தால் அதற்கான எச்சரிக்கை அது.

இஞ்சினை நிறுத்தி லேன்யார்ட்டைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். ஏறி நின்று ஸ்கியை இரு பக்கமும் நன்றாக ஆட்டுங்கள். பொலித்தீன் பல தடவை தானாகக் கழன்று விழும். ரிவர்ஸ் உள்ளதில் இஞ்சினைப் போட்டு மெதுவாக ரிவர்ஸ் கொடுத்துப் பாருங்கள். சில புதிய சீ-டூ மாடல்களில் பம்புக்குள் சுழலும் இம்பெல்லரையே எதிர்த்திசையில் சுற்றிக் குப்பையைத் துப்பும் வசதி உண்டு, இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். எதற்கும் வராவிட்டால் நீரில் இறங்கிக் கீழே கையை விட்டு கிரேட்டைத் தடவ வேண்டும். லேன்யார்ட் ஸ்கியில் மாட்டியிருக்கும்போது ஒருபோதும் கையை உள்ளே விடாதீர்கள். அலை இருந்தால் இதைச் செய்யவே வேண்டாம், எழுந்து விழும் ஸ்கியின் அடிப்பாகம் தலையில் அடிக்கும்.

கயிறு அல்லது வலை என்றால் கதை வேறு. சுற்றியிருப்பதை இழுக்க இழுக்க இறுகும். பல் வைத்த கத்தியால் தண்டோடு நீளவாட்டில் அறுத்துத் துண்டு துண்டாக எடுக்க வேண்டும். தங்கூசி (மீன்பிடி நைலோன் நூல்) என்றால் எல்லாம் வந்துவிட்டது என்று தோன்றினாலும் இம்பெல்லருக்குப் பின்னால் நுழைந்து சீல் வளையத்தை வெட்டியிருக்கக்கூடும். கரைக்கு வந்ததும் பம்ப் கூம்பைக் கழற்றிப் பார்க்காமல் அடுத்த தரம் இறக்காதீர்கள்.

இன்னொன்று, இறக்கும் இடத்து ஆழம். யமஹா குறைந்தது 60 சென்ரிமீற்றர் கேட்கிறது, சீ-டூ 90. அதற்குக் குறைவில் ஸ்டார்ட் செய்தால் மணல் ஏறி, இம்பெல்லரைச் சுற்றியுள்ள வெயார் ரிங் தேயும். பிறகு குப்பை எதுவும் இல்லாமலே ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாமல் நிற்கும், கடலில் நின்றுகொண்டு இல்லாத பொலித்தீனைத் தேடுவீர்கள்.

வெள்ளவத்தைக்_காற்று:

நன்றி. ஹோஸ் கேள்வி இன்னும் பாக்கி.

பிஸ்டன்_நானா:

அதுக்குத்தான் வாறேன். இந்த இழையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைப்பதென்றால் இதை வைங்க. நின்று போன ஸ்கி சும்மா கிடந்தால் இஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. கரைக்கு இழுத்து வாற வழியில்தான் இஞ்சின் சாகும்.

ஓடும்போது ஜெட் பம்ப் தண்ணியை அழுத்தி ஒரு ஹோஸ் வழியாக உள்ளே அனுப்பும். அது குளிர்வித்த பிறகு எக்ஸோஸ்ட்டுக்குள் கொட்டி, வாட்டர் பொக்ஸ் என்கிற சைலென்சர் பெட்டிக்குப் போய், புகையின் தள்ளலில் வெளியே வரும். இஞ்சின் நின்றால் அந்தத் தள்ளல் இல்லை. ஆனால் ஸ்கியை வேகமாக இழுத்தால் கீழே இருந்து தண்ணி பம்புக்குள் தானாக ஏறி அதே ஹோஸில் வரும். வர வழி இருக்கு, போக வழி இல்லை. வாட்டர் பொக்ஸ் நிரம்பும், எக்ஸோஸ்ட் நிரம்பும், திறந்திருக்கிற வால்வு வழியாக சிலிண்டருக்குள் உப்புத்தண்ணி இறங்கும். கரைக்கு வந்ததும் "ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்" என்று பட்டனை அமத்துவாங்க. மேலே சொன்ன ஒற்றை டக்.

சீ-டூவுக்குத் தேவையில்லை என்பது பிழை. சீ-டூவின் ஃபோர்-டெக் (ஃபோர்-ஸ்ட்ரோக்) இஞ்சினில் புளொக்கை மூடிய கூலன்ட் சுற்றுத்தான் குளிர்விக்கும், அது உண்மை. ஆனால் எக்ஸோஸ்ட்டுக்கு வெளித்தண்ணிதான் போகுது, அங்கேயும் இதே வழியில் நிரம்பும். நெரிக்கச் சொல்லி அவங்க கைநூலிலேயே இருக்கு. யமஹாவிலும் கவாசாகியிலும் இஞ்சினுக்கே வெளித்தண்ணி.

எந்த ஹோஸ்? பின்சுவரில் ஜெட் பம்ப் பக்கமிருந்து உள்ளே வந்து இஞ்சின் பக்கம் போகிற தடிச்ச ஹோஸ். பக்கத்தில் பில்ஜ் சைபன் ஹோஸ் மெல்லிசாக வரும், மாற்றி நெரிக்க வேணாம். ஒவ்வொரு மாடலிலும் போகிற வழி வேற. கரையில் ட்ரெய்லரில் இருக்கும்போதே கைநூலைப் பார்த்துக் கண்டுபிடிச்சு, நெரிக்க வசதியான இடத்தில் மஞ்சள் டேப் சுற்றி வைங்க. அலையில் சீற்றைத் திறந்து வைச்சுக்கொண்டு தேடுகிற வேலை இல்லை இது, ஒரு அலை உள்ளே விழுந்தால் பிறகு ஹோஸ் பிரச்சினை சின்னப் பிரச்சினையாகிவிடும்.

நெரிக்க, வாய் தட்டையான ஹோஸ் பின்ச்சர் நல்லம். இல்லாட்டி 10 அங்குல வைஸ் கிரிப், பல் ஹோஸை வெட்டாமல் இரண்டு பக்கமும் சின்னப் பலகைத் துண்டு வைச்சு. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் இரண்டும் எடுக்கலாம்.

கடலோர_மாஸ்டர்:

சீ-டூ கைநூலில் மணிக்கு 24 கிலோமீற்றர் மட்டும் இழுக்கலாம் என்று இருக்கிறதே? பிறகேன் இங்கே ஓடுகிறவர்கள் எல்லாரும் மணிக்கு 8 கிலோமீற்றருக்கு மேல் இழுக்க வேண்டாம் என்கிறீர்கள்?

பிஸ்டன்_நானா:

24 என்பது உச்ச எல்லை. நெரிக்க ஒன்றும் இல்லாவிட்டால் அதைவிட நல்லாக் குறைவாகப் போகச் சொல்லித்தான் அதே கைநூல் சொல்லுது. யமஹா சொல்வது 8. இழுக்கிறவருக்கு இரண்டு கணக்குச் சொல்லிக் குழப்பாமல் இரண்டுக்கும் 8 என்றே வைங்க. ஒன்றரைக் கிலோமீற்றருக்குப் பன்னிரண்டு நிமிஷம் கூட இல்லை. ஏழெட்டு நிமிஷத்தை மிச்சம் பிடிக்கப் போய் இஞ்சினைக் குடுக்கிறதா?

முகத்துவாரம்_வள்ளம்:

இழுக்க வருவது பெரும்பாலும் எங்கட ஃபைபர் வள்ளம்தான். பின்னால் அவுட்போர்ட், முன்னால் போகவேண்டிய மீன்பாடு. வேகமாகத்தான் இழுப்பாங்க, கெட்ட எண்ணத்தில் இல்லை. அதனால் கயிறு கொடுக்க முதல் பேசிக்கொள்ளுங்க. தமிழ் விளங்காத வள்ளம் என்றால் "ஹெமின் யன்ன" என்று சொல்லி, கையைத் தாழ்த்திக் காட்டுங்க. நிறுத்த வேணும் என்றால் "நவத்தன்ன", இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கே போடுங்க. சைகையைப் புறப்பட முதலே ஒத்துக்கொள்ளணும், அவுட்போர்ட் சத்தத்தில் கத்தினால் கேட்காது.

யமஹா கைநூல் கணக்கு: இரண்டின் நீளத்தையும் கூட்டி மூன்றால் பெருக்கு. 6 மீற்றர் வள்ளம், 3.3 மீற்றர் ஸ்கி என்றால் 28 மீற்றர் கயிறு. ஸ்கியை ஸ்கி இழுத்தால் 20 போதும். 10 மில்லிமீற்றர் நைலோன் நல்லம், இழுபட்டுக் கொடுக்கும், அலையில் அதிர்ச்சி குறையும். மிதக்கிற பொலிப்ரொப்பிலீன் கண்ணுக்குத் தெரியும், ஆனால் தொய்ந்தால் இழுக்கிற ஸ்கியின் ஜெட்டுக்குள் போகும். பிறகு நின்ற ஸ்கி இரண்டு.

கட்டுவது முன்வளையத்தில் மட்டும். ஹேண்டில்பாரில் கட்டினால் பிடுங்கிக்கொண்டு வரும். பவுலைன் முடிச்சுப் போடுங்க, பாரம் ஏறினாலும் பிறகு அவிழும். வள்ளப் பக்கம் முடிச்சே வேணாம், இரண்டு சுற்றுச் சுற்றி ஒருவர் கையில் பிடிச்சிருக்கட்டும், ஏதாவது ஆனால் விட்டுவிடலாம்.

இழுபடுகிற ஸ்கியில் ஒருவர் மட்டும், சீற்றின் பின்பக்கம் உட்கார்ந்து. முன்னால் உட்கார்ந்தால் மூக்குத் தாழ்ந்து அலைக்குள் போகும். மற்றவர்களை வள்ளத்தில் ஏற்றுங்க. கல்கிசை மணலுக்கு வருவதென்றால் அலை உடைகிற கோட்டுக்கு வெளியே நின்று கயிற்றை அவிழ்த்து, ஸ்கியைக் கையால் தள்ளி உள்ளே கொண்டு வாங்க. கட்டியபடியே அலையில் ஏறினால் ஸ்கி வள்ளத்தின் முதுகில் வந்து விழும்.

பொல்கொட_ஓட்டம்:

ஹோஸை நெரிப்பதற்குப் பதிலாக அந்த இடத்தில் ஒரு கைவால்வு போட்டுவிட்டால் என்ன? சீற்றைத் திறந்து அரைச் சுற்று, அவ்வளவுதான்.

பிஸ்டன்_நானா:

போடலாம், போடாதீங்க என்றுதான் சொல்வேன். மூடிய வால்வைத் திறக்க மறந்து அடுத்த முறை ஸ்டார்ட் பண்ணினால் எக்ஸோஸ்ட் ஹோஸ் உருகும். கிளாம்ப் பெரிசாகக் கண்ணில் படும், வால்வு படாது.

கச்சான்:

நானாவோட இதில நான் ஒத்துப்போகேல்லை. அலையில பலகைத் துண்டையும் வைஸ் கிரிப்பையும் பிடிச்சுக்கொண்டு குனிஞ்சு நிக்கிறதிலும் பிழை வரும், சாமான் கடலுக்குள்ள விழும். வால்வு போடுறவர் வால்வுப் பிடியில கொழுக்கி ஒண்டு வைச்சு, மூடினவுடன லேன்யார்ட்டை அதில மாட்டட்டும். லேன்யார்ட்டை எடுக்க அங்க போய்த்தான் ஆகவேணும், அப்ப வால்வு கண்ணில படும்.

பிஸ்டன்_நானா:

அந்த லேன்யார்ட் யோசனை கிளாம்புக்கும் பொருந்தும். வால்வு விஷயத்தில் என்ட முடிவு மாறாது, உப்பில் ஒரு வருஷம் கிடந்த கைவால்வு தேவைப்படும் நேரத்தில் திரும்பாது.

மட்டுறுத்துநர்:

விலை, விற்பனைக் கேள்விகளுக்குத் தனி இழை உண்டு. அத்தகைய இரண்டு பதிவுகள் அங்கே மாற்றப்பட்டன.

ரயில்பாதை_ஓரம்:

கவிழ்ந்தால்? உள்ளே தண்ணீர் ஏறினால்?

பொல்கொட_ஓட்டம்:

பின்புறம் தலைகீழாக ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் கவிழ்ந்த பிறகு வாசிப்பதற்கானது. அதில் உள்ள அம்பு காட்டும் பக்கமாகவே உருட்ட வேண்டும். மறுபக்கம் உருட்டினால் வாட்டர் பொக்ஸில் உள்ள தண்ணீர் எக்ஸோஸ்ட் வழியே இஞ்சினுக்குள் வழியும். எந்தப் பக்கம் என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும், அடுத்தவர் ஸ்கியைப் பார்த்துச் செய்யாதீர்கள். 5 நிமிடத்துக்கு மேல் கவிழ்ந்து கிடந்தால் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்கிறது சீ-டூ. அதற்குள் நிமிர்த்தி, ஸ்டார்ட் ஆனால், ஒன்றிரண்டு நிமிடம் நேர்கோட்டில் பிளேன் ஆகும் (தண்ணீர் மேல் எழுந்து வழுக்கும்) வேகத்தில் ஓடுங்கள், சைபன் உள்தண்ணீரை உறிஞ்சி எடுக்கும். சைபன் வேலை செய்வது ஜெட் ஓடும்போது மட்டும். இஞ்சின் நின்றால் மின்பம்ப் அல்லது கையால் இறைப்பதுதான்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு சுருக்கு வழி. இஞ்சின் ஓடும்போது மட்டும் ஏறினால் குளிர்விப்பு ஹோஸ் அல்லது எக்ஸோஸ்ட் ஹோஸ் கழன்றிருக்கும். தண்ணீர் இளஞ்சூடாக, புகை மணத்தோடு இருக்கும். நின்றாலும் ஏறினால் பின்புற வடிகால் அடைப்பான் இரண்டில் ஒன்று, அல்லது தண்டு நுழையும் சீல். சீ-டூவில் அது கார்பன் வளையம், கரையில் தண்ணீரில்லாமல் ஓடவிட்டால் சூடேறிக் கெடும். அடைப்பான் தொலைந்தால் துணியை இறுக்கிச் சுருட்டித் திருகி அடைக்கலாம், கரை வரும் மட்டும் தாங்கும்.

கடலோர_மாஸ்டர்:

92 பெற்றோல் அடித்தால் நிற்குமா? சிலர் அதனால்தான் நிற்கிறது என்கிறார்கள்.

பிஸ்டன்_நானா:

சுப்பர்சார்ஜர் உள்ளதுக்கு 95 போடுங்க. சாதாரண இஞ்சின் 92இல் ஓடும், அதனால் நடுக்கடலில் நிற்காது. கலனில் தண்ணி கலந்திருந்தால் நிற்கும். பெற்றோல் கணக்கு மூன்றில் ஒன்று போக, ஒன்று வர, ஒன்று கையிருப்பு. 70 லீற்றர்த் தாங்கியில் 23 செலவானதும் திரும்புங்க. முழுத் திரொட்டிலில் அந்த 70 லீற்றரும் நினைப்பதைவிடச் சீக்கிரம் முடியும், அது பலருக்குத் தெரியாது.

கரைக்கு வந்த பிறகு ஒரு விஷயம் சொல்லாமல் விட்டுவிட்டேன். உள்ளே தண்ணி போன சந்தேகம் இருந்தால் முதலில் டிப்ஸ்டிக். ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் போயிருக்கு. பிளக் எல்லாத்தையும் கழற்றி, கொயிலை விலக்கி, எர்த் பண்ணி, பெற்றோல் ஆவி போன பிறகு, ஸ்டார்ட்டரைச் சின்னச் சின்னதாகச் சுற்றுங்க. பிளக் துளை வழியாகத் தண்ணி பீச்சும், முகத்தை விலக்கி வைங்க. தண்ணி வராமல் போனதும் ஒவ்வொரு துளைக்குள்ளும் ஃபொகிங் ஒயில் (துருத் தடுப்பு ஒயில்), இல்லாட்டி டபிள்யூடி-40 அடிச்சுத் திரும்பச் சுற்றுங்க. ஒயிலை டிப்ஸ்டிக் குழாய் வழியாக உறிஞ்சி எடுத்துப் புதிசு ஊற்றி, கொஞ்சம் ஓடவிட்டு, திரும்ப மாற்றுங்க. ஒரு தரத்தில் முழுசாக வராது, நிறம் தெளியும் மட்டும், பெரும்பாலும் மூன்று தரம். அன்றைக்கே செய்யணும். உப்புத்தண்ணி நின்ற சிலிண்டர் அடுத்த நாள் காலையில் துருவோடு இருக்கும்.

கழுவும்போது இஞ்சினை முதலில் ஸ்டார்ட் பண்ணி, பிறகுதான் பைப்பைத் திறக்கணும். முடிக்கும்போது பைப்பை மூடி, பிறகு இஞ்சின். மாற்றிச் செய்தால் கடலுக்கே போகாமல் முற்றத்தில் வைச்சு இஞ்சினுக்குள் தண்ணி நிரப்பலாம்.

வெள்ளவத்தைக்_காற்று:

அப்படியென்றால் சீற்றுக்கு அடியில்: ஹோஸ் பின்ச்சர், பல் வைத்த கத்தி, 28 மீற்றர் கயிறு, மிதவை நங்கூரம், மடக்கு நங்கூரம், உதிரி ஃபியூஸ், பிளக் சாவி, ஒரு செட் பிளக், லித்தியம் ஜம்ப் பக், உதிரி வடிகால் அடைப்பான், விசில், கண்ணாடி, தண்ணீர். விடுபட்டது ஏதும் உண்டா? ஹோஸ் பின்ச்சர் எந்த அளவில் எடுப்பது?

பிஸ்டன்_நானா:

கத்தியை சீற்றுக்கு அடியில் போட வேணாம், லைஃப் ஜக்கெட்டில் கட்டுங்க. 10 மில்லிமீற்றர் ஸ்பானரும் சேருங்க, டெர்மினலுக்கு. பிளக் சாவி உங்கட பிளக்குக்குப் பொருந்துமா என்று கரையில் ஒருக்கா மாட்டிப் பாருங்க, பிளக் குழி ஆழம். ஜம்ப் பக்கை மாதம் ஒருக்கா சார்ஜ் பண்ணுங்க.

பின்ச்சருக்கு ஹோஸின் வெளி விட்டத்தை நூலால் சுற்றி அளந்து, வந்த நீளத்தை 3.14ஆல் வகுங்க. நெரிச்ச ஹோஸ் தட்டையாகி விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலமாகும். 30 மில்லிமீற்றர் ஹோஸ் என்றால் வாய் 50க்குக் குறையாமல் எடுங்க.